‘ஆருக்கு?’ என்று கேட்டு நிறுக்கும் கடை

யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதியின் சந்தடியைத் தாண்டி உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில், மருந்துச் சரக்கும் பனையோலைப் பொருளும் கண்ணூறுக்கும் காப்புக்கும் கட்டும் நூல், கூடு, தகடு முதலானவையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் பழைய கடை ஒன்று இருக்கிறது. அதன் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. எழுதவேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். ஆட்கள் கூடினால் நிறுத்துக் கொடுக்கத் தன்னைத் தவிர வேறு ஆளில்லை என்பது அவர் சொன்ன காரணம். பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டதால், பெயரைச் சொல்லித் தேடிப் போகிறவருக்கும் அது பெரிதாக உதவப் போவதில்லை. சென்ற நான்கு மாதங்களில் ஆறேழு தடவை அங்கே போய்வந்தவள் என்ற முறையில், அக்கடையில் எதை நம்பி வாங்கலாம், எதைக் கையில் எடுத்தாலும் திரும்ப வைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

முதல் தடவை போனது மகளின் பிள்ளைப்பேற்றை முன்னிட்டு. பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் சரக்கு, வீட்டில் இருந்தது இற்றுப்போனதால் புட்டவிக்கும் ஓலைக்கூம்பான நீத்துப்பெட்டி புதிதாக ஒன்று, 31ஆம் நாள் பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழிக்கும்போது வேண்டிய சில்லறைச் சாமான்கள் என்று என் கையில் ஒரு துண்டு இருந்தது. இவற்றை மூன்று இடங்களில் தேடி அலைவதற்குப் பதிலாக ஒரே இடத்தில் வாங்கலாம் என்று கொக்குவிலில் எங்கள் அயலவர் ஒருவர் சொல்லித்தான் இந்தக் கடையை அறிந்தேன்.

உள்ளே நுழைந்ததும் கண்ணிற் படுவது சுவரை அடைத்து நிற்கும் இழுப்பறைப் பெட்டகம். ஒவ்வொரு இழுப்பறையின் முகப்பிலும் கடுக்காய், சித்தரத்தை, அதிமதுரம், கோரைக்கிழங்கு, பற்பாடகம் என்று எண்ணெய் வர்ணத்தில் எழுதிய பெயர்கள், பல கைகள் தொட்டுத் தொட்டு நடுவில் மட்டும் அழிந்திருக்கின்றன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது கடையைப் பூட்டிவிட்டுப் போனதாகவும், அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது பெட்டகம் நின்றது, ஒன்பது இழுப்பறைகளைக் காணவில்லை என்றும் கடைக்காரர் சொன்னார். அந்த ஒன்பது பொந்துகளிலும் இன்றுவரை பால்மா ரின்கள்தான் செருகப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் பெயர் எழுதப்படவில்லை. எதில் என்ன இருக்கிறது என்பது அவருடைய தலைக்குள் இருக்கிறது. இதை நான் முதலில் ஓர் அழகாகப் பார்த்தேன், பின்னர் ஒரு குறையாகவும் பார்த்தேன்.

மற்றக் கடைகளில் நாம் ஒரு சரக்கின் பெயரைச் சொன்னதும் “எவ்வளவு?” என்று கேட்பார்கள். இங்கே முதற் கேள்வி “ஆருக்கு?” என்பதாகவே இருக்கிறது. நான் திப்பிலியும் வேர்க்கொம்பும் (சுக்கு) கேட்டேன். “ஆருக்குப் பிள்ளை?” என்றார். மகளுக்கு என்றேன். எத்தனையாம் நாள், சுகப்பிரசவமா, வயிறு வெட்டியா, இரத்த அழுத்தம் இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்டார். கர்ப்பகாலத்தில் அழுத்தம் சற்று ஏறியிருந்தது என்று சொன்னதும், என் துண்டிலிருந்த அதிமதுரத்தின் மேல் தன் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டார். அதிமதுரம் உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பது நவீன மருத்துவமும் ஏற்றுக்கொண்ட செய்தி. அந்தச் சொற்களில் அவர் அதைச் சொல்லவில்லை. “அது அழுத்தக்காரருக்குக் கூடாது” என்று மட்டும் சொன்னார். ஒரு வியாபாரி தான் விற்கக்கூடிய பொருளைத் தானே வெட்டிவிட்டதைக் கண்டபோது எனக்கு அந்தக் கடையில் நம்பிக்கை வந்தது.

சரக்கின் தரம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனெனில் இது மிக எளிதாக ஏமாறக்கூடிய வியாபாரம். வேர்க்கொம்பைப் பூச்சி பிடிக்காமலும் வெள்ளையாகத் தெரியும்படியும் சுண்ணாம்பில் தோய்த்து விற்பது வழக்கம்; இவர் வைத்திருப்பது மண்ணிறமாக, தோல் சுருங்கி, பார்வைக்கு அழகற்றதாக இருக்கிறது, ஆனால் முறித்தால் நார் தெரிய உடைந்து மணம் மூக்கில் ஏறுகிறது. மிளகில் பப்பாசி விதை கலப்பது பழைய தந்திரம். அந்த விதை மிதக்கும் என்பதால், வீட்டுக்கு வந்து ஒரு பிடி மிளகை நீரில் போட்டுப் பார்த்தேன். சப்பட்டையாய்ச் சுருங்கிய இரண்டொன்றைத் தவிர எல்லாம் அடியில் தங்கின. பெருங்காயத்தில் மட்டும் அவர் எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தார். நாம் கட்டிப் பெருங்காயம் என்று வாங்குவதில் பெரும்பகுதி மாவும் பிசினும் சேர்த்துக் கூட்டியது என்றும், அதனால்தான் சுத்தப் பெருங்காயத்தின் விலையைக் கேட்டால் ஆட்கள் திகைக்கிறார்கள் என்றும் சொல்லி, இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுத்தமானது ஒரு சுண்டுவிரல் நுனியளவுதான் இருந்தது. அன்று மாலை வரை, சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகும், கை மணத்தது.

மஞ்சளையும் அவர் தூளாக விற்பதில்லை. 2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை எங்கேயோ போனபோது, எந்தத் தூளில் எந்த மா கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலை வந்தது. அன்று தொடங்கித் துண்டு மஞ்சளை மட்டுமே வைத்திருக்கிறாராம். முழுச் சரக்காக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வது நல்லது என்பது அவருடைய கொள்கை, எனக்கும் அதில் முழு உடன்பாடு. இந்தக் கொள்கையை அவரே எங்கே கைவிட்டார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நாட்டு வைத்தியர்களான பரியாரிமார் எழுதிக் கொடுக்கும் துண்டுடன் வருகிறவர்களுக்கு இந்தக் கடை பெரும் உதவி. செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் பெயராலேயே வைத்திய நூல்கள் வழங்கிவரும் ஊர் இது. அந்த மரபில் வந்தவர்களின் சீட்டுகளில் இன்றும் பலம், கழஞ்சு, வராகனெடை என்றே அளவு குறிக்கப்படுகிறது. பலத்தை 35 கிராமாகவும், கழஞ்சை 5 கிராமுக்குச் சற்று மேலாகவும், வராகனெடையை 4 கிராமுக்குச் சற்று மேலாகவும் கணக்கிட்டு, சின்னஞ்சிறிய மின்தராசில் நிறுத்து, ஒவ்வொரு சரக்கையும் தனித்தனிப் பத்திரிகைத் தாளில் மடித்து, மேலே பெயரும் எழுதித் தருகிறார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கட்டித் தரும் வேறு கடைகளில், வீட்டுக்கு வந்து எது குறைகிறது என்று பார்க்கவே முடியாது.

31ஆம் நாளுக்காகப் போனபோது நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. வசம்பு வேண்டும் என்றேன். இருட்டியபின் பெயர் சொல்லக்கூடாது என்பதால் அதைப் பேர்சொல்லா மருந்து என்றும் சொல்வோம். எங்கள் தாய்மார் அதைச் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து, பிள்ளையின் நாவில் தடவி வளர்த்தார்கள். என் மகளோ, ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று குடும்பநல உத்தியோகத்தர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். கடைக்காரரிடம் இதைச் சொன்னால் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மகளின் பக்கம் பேசினார். வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருள் ஆய்வுகூட எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், 1968இலேயே அமெரிக்கா அதை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது என்பதை நான் பின்னர் வாசித்து அறிந்தேன். அவர் வாசித்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன், ஆனால் “நாக்குக்கு வேண்டாம், கைக்குக் கட்டுங்கோ” என்று சொல்லி, வசம்பை மணிமணியாக வெட்டிக் கறுப்பு நூலில் கோத்த காப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். இந்தத் தீர்வில் ஒரு ஓட்டை இருக்கிறது: இரண்டாம் மாதம் பிறந்ததும் பிள்ளை கையைத்தான் வாய்க்குள் வைக்கும். ஆகவே நாங்கள் அந்தக் காப்பைக் கையில் கட்டவில்லை, ஏணைத் தொட்டிலின் கயிற்றில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கட்டினோம்.

அதே நாள் ஓர் இளைஞர் கீழ்க்காய்நெல்லி கேட்டு வந்தார். யாருக்கு என்று கேட்டபோது தம்பிக்குச் செங்கண்மாரி என்றார். கண் மஞ்சளாகி எத்தனை நாள், இரத்தம் பார்த்ததா என்று கடைக்காரர் விசாரித்தார். பார்க்கவில்லை என்றதும், முதலில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்க்கச் சொன்னார், சித்த வைத்தியந்தான் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு கைதடியில் உள்ள சித்த போதனா வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார். மூலிகையைக் கொடுக்கவே இல்லை. இளைஞர் கோபித்துக்கொண்டு போனார். வேறொரு கடையில் வாங்கியிருக்கவும் கூடும்.

இனி ஓலைப் பொருட்கள். கடையின் இடப்பக்கம் முழுவதும் கூரைவரை கடகம் எனும் பெரிய ஓலைக்கூடை, சுளகு, பாய், திருகணை, இடியப்பத்தட்டு, மூடற்பெட்டி, கொட்டைப்பெட்டி என்று தொங்குகின்றன. பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் இவற்றையே விலை ஒட்டி, தூசு தட்டி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் பிடித்தமான விதத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். பரிசாகக் கொடுப்பதற்கு அங்கே வாங்குவதே சிறப்பு. இந்தக் கடையில் கிடைப்பது அடுக்களைக்கு உரியது. பூநகரிப் பக்கத்திலிருந்தும் வடமராட்சி கிழக்கிலிருந்தும் பெண்கள் இழைத்து அனுப்புவதை அப்படியே வாங்கி மாட்டிவிடுகிறார், அதனால் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது, தேடித்தான் எடுக்கவேண்டும்.

எடுக்கும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. வெண்மையான குருத்தோலையில் இழைத்தது பார்வைக்கு நன்று, சிறு பெட்டிகளுக்கும் போதும். பாரம் தாங்கவேண்டிய கடகத்துக்குச் சற்று முற்றிய சார்வோலைதான் உகந்தது. கடகத்தைக் கவிழ்த்து, அடியின் நான்கு மூலைகளிலும் நார் வைத்துப் பொத்தியிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தாத கடகம் நெல்லையோ மண்ணையோ இரண்டு மாதம் தாங்காது. விளிம்பைப் பெருவிரலால் உள்நோக்கி அழுத்தினால் அது திரும்பி எழவேண்டும். நான் எடுத்த கடகம் அப்படி எழுந்தது, இப்போதும் தேங்காய் சுமக்கிறது.

நீத்துப்பெட்டி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அலுமினியக் குழலில் அவித்த புட்டையும் நீத்துப்பெட்டியில் அவித்த புட்டையும் அருகருகே வைத்துச் சாப்பிட்டவருக்கு விளக்கம் தேவையில்லை. ஓலை மேலதிக ஈரத்தைத் தான் உறிஞ்சிக்கொள்வதால், மா குழையாமல் உதிரியாக வேகிறது; காய்ந்த பனங்கிழங்கின் மாவான ஒடியல்மாவில் அவிக்கும் புட்டுக்கு இது இல்லாமல் சரிவராது. ஆனால் புதுப்பெட்டியை வாங்கிய அன்றே அடுப்பில் வைத்தால் புட்டு முழுவதும் பச்சையோலை நாற்றமெடுக்கும். ஓர் இரவு நீரில் ஊறவிட்டு, மறுநாள் வெறும் பெட்டியை ஆவியில் வைத்து எடுத்து, வெயிலில் காயவிட்டபின் பயன்படுத்தவேண்டும் என்று கடைக்காரர் சொன்னதை நான் பாதிதான் கேட்டேன்; முதற் புட்டைக் கோழிகளுக்குப் போடவேண்டி வந்தது. இரண்டாம் நாளிலிருந்து குறையில்லை. கூம்பின் நுனி பானையின் வாய்க்குள் சரியாக இறங்குகிறதா என்பதையும் பார்க்கவேண்டும், ஆகவே பானையின் வாய் அகலத்தை ஒரு ஈர்க்கில் அளந்து முறித்துக் கையோடு கொண்டு போவது நல்லது.

நான் ஏமாந்தது சாயம் போட்ட மூடற்பெட்டியில். துடக்குக் கழிவன்று வெற்றிலை பாக்கு வைப்பதற்காக, கத்தரிப்பூ நிறமும் பச்சையும் கலந்து இழைத்த ஒன்றை 650 ரூபாவுக்கு வாங்கினேன். ஓலையைச் சாயத்தோடு சேர்த்து நன்கு கொதிக்கவிட்டிருந்தால் நிறம் நாருக்குள் இறங்கியிருக்கும். இதில் மேலால் மட்டும் பிடித்திருந்தது போலும். வெற்றிலையின் ஈரம் பட்டதும் சாயம் இறங்கி, கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு வட்டம் விழுந்தது. துணியை இரண்டு தடவை தோய்த்தும் போகவில்லை. வாங்குமுன் ஈரவிரலால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்திருக்கவேண்டும்.

மூன்றாவது பகுதி, கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் உள்ள தட்டு. கறுப்பு நூல், செப்புக் கூடு, வெறுந்தகடு, சோழி, நாக்கை நீட்டிய கண்ணூறுப் படம், கட்டி முடியாத வீடுகளின் முன் கட்டும் வெருளியின் முகமூடி என்று அங்கே எல்லாம் உண்டு. ஆனால் இவர் ஓதுவதில்லை, பார்வை பார்ப்பதில்லை, குறி சொல்வதில்லை. “நூல் என்னட்டை, மந்திரம் அவையளிட்டை” என்பார். நூல் ஓதிக் கட்டவேண்டியவர்கள் வாங்கிக்கொண்டு கோயிலுக்கோ, தமக்குத் தெரிந்த ஐயாவிடமோ போகிறார்கள். தோஷம் நீக்கும் கழிப்புச் சடங்குக்கு என்று யாரோ எழுதிக் கொடுத்த நீண்ட பட்டியலோடு ஒரு பெண்மணி வந்தபோது, அவர் முழுவதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, எல்லாமாக இவ்வளவுதான் வரும், இதற்குமேல் சாமான் செலவு என்று யாராவது கேட்டால் கொடுக்கவேண்டாம் என்று கூட்டுத்தொகையைத் தாளில் எழுதி அடிக்கோடிட்டுக் கொடுத்தார். அந்தப் பெண்மணி அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், வேறெங்கோ இதைவிடப் பல மடங்கு கேட்டிருக்கிறார்கள் என்றே தோன்றியது.

இந்தக் கடையின் மூன்று வியாபாரங்களும் ஒரே இழுப்பறையில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அது படிகாரம் என்றும் சொல்லப்படும் சீனக்காரம். கலங்கிய கிணற்றுநீரைத் தெளியவைப்பதற்கும், சவரம் செய்த இடத்தில் பூசுவதற்கும், ஓலைக்கு ஏற்றும் சாயம் பிடிப்பதற்கும், கண்ணூறு கழிப்பதற்கும் அதே கட்டிதான். எங்கள் அம்மம்மா சீனக்காரத்தைப் பிள்ளையைச் சுற்றிச் சிரட்டைத் தணலில் போடுவார். அது உருகி, குமிழியிட்டு, வெள்ளைப் பூவாகப் பொங்கி எழும். கட்டிக்குள் அடங்கியிருக்கும் நீர் சூட்டில் ஆவியாகி வெளியேறுவதால் அப்படிப் பொங்குகிறது என்று பாடசாலையில் படித்துவிட்டு வந்து சொன்னேன். அம்மம்மா அதை மறுக்கவில்லை. பொங்கி இறுகியதைத் தணலிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்கு இன்னாருடையது, நாடி இன்னாருடையது என்று அயலிலுள்ள ஒருத்தியின் பெயரைச் சொன்னார். அந்த ஒருத்தி ஒவ்வொரு தடவையும் அதே ஆளாகவே இருந்தார். பேத்திக்கு நான் 100 கிராம் வாங்கினேன். சுற்றிப் போட்டேன். முகம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அன்றிரவு பிள்ளை நன்றாகத் தூங்கியது என்பதையும் மறைக்கக்கூடாது.

இந்தத் தட்டில் நான் மனமார மெச்சும் பொருள் சிரட்டைப் பொட்டு. சவ்வரிசியைக் கரிய வறுத்து, நீர் விட்டுக் காய்ச்சி வடித்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் காயவைத்தது. ஒரு சொட்டு நீர் விட்டு விரலால் குழைத்தால் மை போல வரும். கடைகளில் விற்கும் சில கண்மைகளில் ஈயம் இருப்பதாகப் பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கும் நிலையில், கருகிய சவ்வரிசியைத் தவிர வேறெதுவும் இல்லாத இந்தப் பொட்டைப் பிள்ளையின் கன்னத்தில் வைக்க எனக்குத் தயக்கமில்லை. 200 ரூபாவுக்கு வாங்கிய சிரட்டை நான்கு மாதமாகியும் கால்வாசிகூடக் குறையவில்லை.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். தூளை நம்பாதே என்று சொல்லும் அதே மனிதர், முன்வாசலில் பொலித்தீன் பைகளில் அடைத்த சரக்குத்தூளும் விற்கிறார். அது அவர் அரைத்ததன்று. வேறு எங்கிருந்தோ வருகிறது. தயாரித்த திகதி, முடிவுத் திகதி, என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்ற விபரம் எதுவும் பையில் இல்லை. இடிக்க நேரமில்லாத ஒரு நாள் ஒரு பை வாங்கிச் சென்றேன். பால்சுறாக் கறிக்குப் போட வெட்டியபோது உள்ளே வண்டு ஊர்ந்தது. திருப்பிக் கொண்டுபோனேன். காசைத் திருப்பித் தந்தார், ஆனால் மற்றப் பைகளை எடுத்துவிடவில்லை. அடுத்த தடவை போனபோதும் அவை அங்கேயே தொங்கின. பச்சைப் போத்தல்களில் ஒட்டுத்தாள் எதுவுமின்றி நிற்கும் முறிவு நெரிவு எண்ணெயையும் நான் தொடமாட்டேன். யார் காய்ச்சியது என்று கேட்டதற்கு “தெரிஞ்ச ஆள்தான்” என்ற விடையே கிடைத்தது, மற்ற எல்லாவற்றுக்கும் “ஆருக்கு?” என்று கேட்பவர், “ஆரிடமிருந்து?” என்ற கேள்விக்கு மட்டும் பிடிகொடுப்பதில்லை.

எல்லாவற்றிலும் பாரதூரமானது குன்றிமணிப் போத்தல். சிவப்பும் கறுப்புமாகப் பார்வைக்கு அழகான அந்த விதைகளை, அகலவாய்ப் போத்தலில், எள்ளுருண்டைக்கும் புழுக்கொடியலுக்கும் பக்கத்தில், சிறுபிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறார். குன்றிமணியை முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும், மென்றுவிட்டால் உயிரையே பறிக்கக்கூடிய நஞ்சு அது. இதை நான் இரண்டு தடவை சொன்னேன். முதற் தடவை தலையசைத்தார். இரண்டாம் தடவை போத்தலை எடுத்து மேல்தட்டில் வைத்தார். சென்ற கிழமை போனபோது அது மேல்தட்டிலேயே இருந்தது, ஆனால் மூடி இல்லை.

சிட்டை தருவதில்லை, அட்டையில் காசு செலுத்தவும் வசதியில்லை. முதல் நாள் சரக்கு முழுவதற்குமாக 2,850 ரூபாவும், நீத்துப்பெட்டிக்கு 350 ரூபாவும் கொடுத்தேன். இவ்வளவு தேர்ந்த சரக்குக்கு அது அதிகமென்று சொல்லமாட்டேன், அதிலும் பெரும்பங்கு திப்பிலிக்கும் பெருங்காயத்துக்குமே போயிற்று. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் பிற்பகலில் கடை பூட்டியிருக்கும், வெள்ளிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு முன் திறப்பதில்லை. சனிக்கிழமைகளில் பரியாரிச் சீட்டுக்காரர் நிறைந்துவிடுவதால், ஓலைப் பொருள் மட்டும் வாங்குகிறவர்கள் வாரநாளில் போகலாம். கடகமோ பாயோ வாங்குவதானால் மாரி தொடங்குமுன் வாங்கிவிடுங்கள். கார்த்திகை பிறந்தபின் அந்தக் கூரைக்குக் கீழே தொங்கும் ஓலையெல்லாம் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், அதற்கு விலை குறைப்பாரா என்று கேட்டேன், குறைக்கமாட்டாராம், வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே புகையில் கட்டச் சொல்கிறார்.